தேனிலவும் ரொட்டிக் கடையும்

தை பிறந்து முதல் முகூர்த்தங்கள் முடிந்த கையோடு நானுஓயா ஸ்டேஷனில் புதுமணத் தம்பதிகள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். பெண்ணின் கையில் மருதாணி மங்கியிருக்காது. மாப்பிள்ளை போட்டிருக்கும் ஸ்வெட்டரில் கடை மடிப்பு அப்படியே இருக்கும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று எங்கிருந்து வந்தவர்களானாலும் மலைக் குளிர் எல்லாரையும் ஒன்றுபோலத்தான் நடுங்க வைக்கிறது. அவர்கள் போகப்போகும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாசலில் நிற்கும் வேன்காரர் முதலில் கேட்பது, எந்த ஹோட்டல் என்று. அடுத்துக் கேட்பது, சாப்பாடு அங்கேயா வெளியிலா என்று.

முதல் கேள்விக்குப் பதில் மாதக்கணக்கில் யோசித்து முடிவானது. இரண்டாவதைப் பற்றி அநேகமாக யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஹனிமூன் பெக்கேஜில் எல்லாம் அடங்கிவிடும்: கட்டிலில் ரோசாப்பூ இதழ், ஒரு சிறு கேக், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவுச் சாப்பாடு, காலையில் பஃபே. மூன்று நாள் கழித்து ஊர் திரும்பும்போது கைத்தொலைபேசியில் தேயிலைத் தோட்டம் நூறு படமாக இருக்கும். அந்தத் தோட்டத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்காது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையல்ல. மெக்சிக்கோவின் கரீபியக் கரையில், 1970களில் அரசாங்கமே திட்டமிட்டுக் கட்டிய கான்கூன் நகரில், அறையும் சாப்பாடும் குடியும் ஒரே கட்டணத்தில் அடங்கிய பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. மணிக்கட்டில் ஹோட்டல் பட்டியைக் கட்டிக்கொண்டு, தேனிலவு முழுக்க மதிலுக்கு வெளியே கால் வைக்காமல் திரும்பும் ஜோடிகள் அங்கே ஏராளம். எதிரே இருக்கிறது இஸ்லா முஹேரஸ் என்ற சிறு தீவு. படகேறிப் போகிறவர்களுக்கு அங்கே டிக்கின் ஷிக் கிடைக்கும். அச்சியோத்தே விதையின் சிவப்புக் கூட்டும் புளிப்புத் தோடம்பழச் சாறும் பூசி, வாழையிலையில் வைத்துச் சுட்ட மீன் அது. கான்கூன் ஜோடிக்கு நடுவில் கடல் கிடக்கிறது என்று ஒரு சாக்காவது சொல்லலாம். நுவரெலியாவின் பழைய பெரிய ஹோட்டல்களிலிருந்து பஸார் வீதிக்கு நடந்தே போய்விடலாம்.

அந்த ஹோட்டல்களின் மேசை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தன் ஓய்வுக்குக் கட்டிய மாளிகைதான் 1891இல் கிராண்ட் ஹோட்டலாக மாறியது. அதற்கும் முன்பே, 1876இல், தோட்டத் துரைமார் தங்களுக்கென்று ஹில் கிளப்பை அமைத்துக்கொண்டார்கள். ஹில் கிளப்பின் சாப்பாட்டு அறையில் இன்றைக்கும் இரவு நேரத்தில் ஆண்கள் கோட்டும் டையும் அணிந்துதான் உட்கார வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்கள் ஒரு நாளைக்கான சந்தா கட்டி உள்ளே போகலாம். கலியாணக் கோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்த மாப்பிள்ளைக்குக் கிளப்பே கோட்டும் டையும் இரவல் கொடுக்கும். கழற்றிப்போட்டு நாலு நாள்கூட ஆகாத வேஷத்தை இன்னொருவர் அளவில் மறுபடியும் மாட்டிக்கொண்டு சூப் குடிப்பது தனி அனுபவம்தான். ஒருமுறை செய்து பார்க்கலாம், தப்பில்லை.

ஹட்டன் பக்கம் போனால் இதே மேசை இன்னும் விலையேறி நிற்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் இருந்த பழைய துரை பங்களாக்களைச் சிலோன் டீ ட்ரெய்ல்ஸ் 2005இலிருந்து விருந்தினர் விடுதிகளாக நடத்துகிறது. தேநீர் படுக்கைக்கே வரும். மூன்று வேளைச் சாப்பாடும் அறைக் கட்டணத்திலேயே அடக்கம். கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. இன்று அதன் பெயர் ஹெரிடன்ஸ் டீ ஃபெக்டரி. அங்கே பழைய ரயில் பெட்டி ஒன்றுக்குள் மேசை போட்டு விருந்து வைக்கிறார்கள். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மேசைகளில் வருவது துரைமார் காலத்துச் சாப்பாட்டின் மிச்சம். பங்களாவின் சமையல்காரரான அப்பு, துரைசானி சொல்லிக்கொடுத்த ரோஸ்ட்டையும் கரமல் புடிங்கையும் தன் கைப்பக்குவத்தில் ஆக்கி வைத்த மரபு அது. அதே அப்பு, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனால் சாப்பிடுவது ரொட்டியும் கட்டச் சம்பலும்.

இந்த ரொட்டி ருசிக்காகப் பிறந்ததல்ல. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட மக்கள் அரிசிச் சோறு உண்டு வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகமே அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. பிறகு இறக்குமதிக் கோதுமை மா மலிவாகக் கிடைத்தபோது லயத்து அடுப்பில் ரொட்டிக்கல் ஏறியது. 1970களின் நடுவில் வந்த உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்டினியையே கண்டன. அதைப் பார்த்த தலைமுறைக்கு மா மூட்டை என்பது உயிர்.

கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போடுவார்கள். தட்டியது தடிப்பாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். விடியற்காலையில் சாப்பிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறவருக்கு மெல்லிய ரொட்டி வயிற்றில் நிற்காது. தொட்டுக்கொள்ளக் காய்ந்த மிளகாய், வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசி சேர்த்து அம்மியில் வைத்து இடித்த கட்டச் சம்பல். தேசிக்காய்ப் புளி பிழிவார்கள், கிடைத்தால்.

நுவரெலியா பஸாரில் போய்த் தேடினால் இந்த ரொட்டி எளிதில் அகப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் இருந்து டவுனுக்கு வருகிறவர்கள் வீட்டில் தின்பதைக் காசு கொடுத்துத் தின்ன மாட்டார்கள். சம்பள நாளில் அவர்களுக்கு வேண்டியது புரியாணி, கொத்து, மசாலா தோசை. சிறு கடைகள் சிலவற்றில் காலை ஏழு, எட்டு மணி வரைக்கும் தேங்காய் ரொட்டி இருக்கும். எட்டரைக்கு எழுந்து வரும் தேனிலவுக்காரர்களுக்கு மிச்சம் இருப்பது கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய ரோல்ஸும் பெட்டீஸும்தான்.

அந்தப் பெட்டிச் சாமான்களைப் பரிமாறும் முறையும் வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைக்கும். குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை. உட்கார்ந்த உடனே, கேட்காமலே, ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், மீன் பனிஸ், உழுந்து வடை, கடலை வடை எல்லாம் வந்து இறங்கும். இவ்வளவுக்கு நாம் சொல்லவே இல்லையே என்று பதற வேண்டாம். தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். தொடாதது அப்படியே உள்ளே திரும்பிவிடும். புதுப்பெண் கூச்சத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மாப்பிள்ளை நாலாவது ரோல்ஸை எடுக்கும் காட்சி எந்தக் காலையிலும் பார்க்கக் கிடைப்பது.

மரக்கறிக்காரர்களுக்கு நுவரெலியாவில் கவலை இல்லை. நியூ பஸார் வீதியில் இருக்கும் அம்பாள்ஸ் போன்ற சைவக் கடைகளில் இட்லி, தோசை, இடியப்பம், சாம்பார் எல்லாம் உண்டு. இலங்கைக்கு 2024இல் வந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர்களே முதலிடம். அவர்களில் சீத்தாஎலிய அம்மன் கோயிலுக்கும் ஹக்கலைப் பூங்காவுக்கும் போகும் இளஞ்சோடிகள் கணிசம். அவர்களுக்காகவே கிராண்ட் ஹோட்டல் தன் வாசலில் கிராண்ட் இண்டியன் என்று வட இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றை நடத்துகிறது. அங்கே பட்டர் நானும் பனீரும் நன்றாகவே இருக்கும். டெல்லியிலும் நன்றாக இருக்கும் என்பதுதான் சிக்கல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பஸார் கடைகள் தங்கள் முழு பலத்தையும் காட்டுகின்றன. காரணம் மண். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் இங்கே குடியேறி, சீமையிலிருந்து கால்நடையும் விதையும் கொண்டுவந்து பண்ணை வைத்தார். அவர் 1855இல் போய்விட்டார். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா, நோக்கோல், உருளைக்கிழங்கு எல்லாம் தங்கிவிட்டன. இன்று நாட்டின் சந்தைகளுக்கெல்லாம் இந்த மரக்கறி நுவரெலியாவிலிருந்து லொறியில் இறங்குகிறது. ஊரிலேயே அதைத் தின்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று காலை பிடுங்கிய லீக்ஸை வெள்ளைப் பகுதியும் பச்சைப் பகுதியுமாகப் பொடியாக அரிந்து, உருளைக்கிழங்கோடு பிரட்டி வைப்பார்கள். அதற்குப் பக்கத்தில் பாலில் வைத்த பருப்பு, காரமான பீட்ரூட் கறி, கரட் சம்பல், பப்படம், பொரித்த மிளகாய். சோறும் மரக்கறியும் போதும் போதும் என்னும் வரை வரும். மீனுக்கும் கோழிக்கும் மட்டும் தனிக் காசு. துரைமார் தங்கள் ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் அவித்து வைக்கக் கொண்டுவந்த மரக்கறி, மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இந்த மேசைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உருப்பட்டது என்பது சாப்பிட்டவர்கள் கட்சி. இந்தக் கட்டுரையும் அந்தக் கட்சிதான்.

தேத்தண்ணி விஷயம் கொஞ்சம் வினோதம். தை, மாசி, பங்குனி மாதங்கள் திம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல கொழுந்துக் காலம். வறண்ட குளிர்காற்றில் துளிர் மெல்ல வளர, வாசனை இலைக்குள்ளேயே தங்கிவிடும். கலியாணப் பருவமும் அதே மாதங்களில் விழுவதால், தைப் பந்தலில் மாலை மாற்றிய ஜோடி உலகம் விலை கொடுத்து வாங்கும் தேயிலையின் நடுவில் வந்து நிற்கிறது. ஆனால் அந்தத் தேயிலை, 1883இலிருந்து நடக்கும் கொழும்பு ஏலத்துக்கு இறங்கிப்போய் அங்கிருந்து கப்பலேறிவிடும். நாட்டில் விளைவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதிதான். பஸார் கடையில் கிடைப்பது பெரும்பாலும் டஸ்ட். சாயம் நன்றாக இறங்கும், வாசனை குறைவு. அதையும் பால்மாவைக் கரைத்து, உயர ஆற்றி, நுரை தள்ளக் கொடுக்கிறார்கள். அம்பேவெலப் பால் பண்ணை அவ்வளவு தூரத்தில் இல்லை, இருந்தும் கடைகளில் பால்மாதான்.

எனவே தேயிலையின் அசல் வாசனை வேண்டும் என்றால் றம்பொடை வீதியில் லபுக்கலைத் தோட்டத்தின் விற்பனை நிலையத்திலோ, தலவாக்கலைப் பக்கம் சென் கிளயர் அருவிக்கு எதிரே இருக்கும் தேநீர் நிலையத்திலோ உட்கார்ந்து பால் இல்லாமல் கேட்டுக் குடிக்க வேண்டும். லபுக்கலையில் தேநீரோடு சொக்லட் கேக் சாப்பிடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. குளிர் தாங்க வேண்டும் என்றால் பஸாருக்கே திரும்பலாம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் போதும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தேவையில்லை.

பொழுது சாய்ந்தால் பஸாரில் வேறு சத்தம். இரண்டு இரும்புத் தகடுகள் கல்லில் மாறிமாறி விழும் தாளம் தெருமுனைக்கே கேட்கும். வீச்சு ரொட்டியைத் துண்டாக்கி, முட்டை, கோவா, லீக்ஸ், கோழிக் குழம்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொத்தும் கொத்து ரொட்டி, இலங்கை முழுவதற்கும் இரவுச் சாப்பாடு. மலையகத்தில் அதற்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கல்லைச் சுற்றி நிற்பதுதான் டவுனிலேயே சூடான இடம். ஒரு கொத்து இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும், ஒரே தட்டில் இரண்டு கரண்டி கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெக்கேஜில் வரும் மெழுகுவர்த்தி விருந்தை விட இதில் பேச்சு அதிகம் நடக்கும் என்று துணிந்து சொல்லலாம். கொத்துக் கல் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

காசு எங்கே போகிறது என்ற கணக்கும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகி, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஒருவரின் இரவு பஃபே, கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல நாள் சம்பளம். ஹோட்டலில் செலவழிப்பதும் வீண் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. ஆனால் பஸார் கடையில் கொடுக்கும் காசு கல்லாவில் இருந்து நேரே மரக்கறிக்காரருக்கும் ரொட்டி போடும் பையனுக்கும் போகிறது. அதன் பயணம் குறுகியது.

அந்தக் கடைகள் சென்ற சில வருடங்களில் பட்டது கொஞ்சமல்ல. சித்திரைப் புத்தாண்டையொட்டி மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊர் பொங்கி வழியும் ஏப்ரல் மாதத்தில்தான் வருடத்தின் பெரும்பகுதி வருமானம். 2019 ஏப்ரல் 21இல் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தபோது அந்தப் பருவம் ஒரே நாளில் முடிந்துபோனது. அடுத்த ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. அதற்கும் அடுத்த வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து லீக்ஸும் கிழங்கும் சுருங்கின. 2022இல் சமையல் வாயு இல்லை, மா விலை ஏறியது, பால்மா மறைந்தது. ஒரு பால்டீ நூறு ரூபாவைத் தொட்டதும் அப்போதுதான். பல கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின, சில மூடியே விட்டன. இன்று திறந்திருக்கும் ஒவ்வொரு கடையும் அந்த நான்கு வருடத்தைத் தாண்டி வந்தது என்று தெரிந்தால், கொத்தில் உப்பு ஒரு கை கூடிப்போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளத் தோன்றும்.

ஏப்ரலில் தேனிலவு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே புத்தி. அறை வாடகை எகிறும், கடைகளில் இடம் பிடிக்க நிற்க வேண்டும், கிரகரி வாவிக் கரையில் அவித்த சோளத்துக்குக்கூட வரிசை.

வரும் வழியே ஒரு சாப்பாட்டுக் கடை என்பதை ரயிலில் வருகிறவர்கள் அறிவார்கள். 1885இல் நானுஓயாவை எட்டிய இந்தப் பாதையில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறி இறங்கும் வடைக்காரர்களிடம் கடலை வடையும் இறால் பதித்த வடையும் காய்ந்த மிளகாயோடு கிடைக்கும். சுற்றித் தருவது பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பித் தாள். வடை தீர்ந்ததும் அந்தக் கணக்குச் சரியா பிழையா என்று பார்த்துக்கொண்டு அடுத்த சுரங்கம் வரை பொழுதை ஓட்டலாம்.

ஹட்டனில் இறங்குகிறவர்கள் வேறு ரகம். அது தேனிலவு ஊர் அல்ல, தோட்டங்களின் சந்தை. அலங்காரக் கடைகள் குறைவு. சைவக் கடைகளும் முஸ்லிம் ஹோட்டல்களும் தோட்ட மக்களுக்காகவே நடப்பவை. ஆகவே விலையும் அளவும் அவர்களுக்கு ஏற்றபடி. இங்கிருந்துதான் நல்லதண்ணிக்கும் சிவனொளிபாத மலைக்கும் பஸ். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் வரை நீளும் யாத்திரைப் பருவத்தில் புதுமணத் தம்பதிகளும் அந்த 2,243 மீற்றர் மலையை இரவோடிரவாக ஏறுகிறார்கள். படி நெடுகத் தேத்தண்ணிக் கடைகள் விடியும்வரை விளக்கெரியத் திறந்திருக்கும். அங்கே சூடாகக் கிடைப்பது ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். பஸாரில் எட்டரைக்குக் கிடைக்காத தோட்டத்து ரொட்டி, இங்கே நடுச்சாமத்தில் கேட்ட உடனே வருகிறது. உயரம் கூடக் கூட விலையும் கொஞ்சம் கூடும். சாமானெல்லாம் தலைச்சுமையாக ஏறியது, பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வெசாக் முடிந்ததும் அந்தக் கடைகளைப் பிரித்துக் கீழே இறக்கிவிடுவார்கள், பாதையில் மழையும் காற்றும்தான் இருக்கும். ஆவணியில் கலியாணம் முடிப்பவர்கள் ரொட்டிக்காக ஹட்டன் பஸாருக்குக் காலை ஏழு மணிக்கு முன்னே எழுந்து போக வேண்டும்.